இரும்புச்சத்து ஊசிக்கு கிளெய்ம் நிராகரிப்பு: பில்லைக் கட்டிவிடலாமா?

கேள்வி: மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு இருப்பதால் எனக்கு இரும்புச்சத்துக் குறைபாட்டு ரத்தசோகை. மாத்திரை ஒத்துக்கொள்ளாததால் டாக்டர் ஊசி போட்டார். 'மருத்துவ ரீதியாக அவசியமில்லை' என்று காப்பீட்டு நிறுவனம் கிளெய்மை நிராகரித்துவிட்டது. இன்னொரு டோஸ் பாக்கி இருக்கிறது. பில்லைக் கிரெடிட் கார்டில் கட்டிவிடலாமா?

பதில்: இப்போதைக்குக் கட்ட வேண்டாம். 'மேல்முறையீடு செய்கிறேன், முடிவு வரும்வரை பில்லை நிறுத்தி வையுங்கள்' என்று மருத்துவமனை பில்லிங் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு எவ்வளவு அவகாசம் என்று நிராகரிப்புக் கடிதத்தில் பாருங்கள். கோபத்தில் கடிதத்தை மூலையில் போட்டு, கெடுவைக் கோட்டை விடுபவர்கள் நிறையப் பேர்.

முதலில் மாத்திரை, அது பலிக்காவிட்டால்தான் ஊசி என்பது பல பாலிசிகளில் உள்ள விதி. உங்கள் கிளெய்ம் பெரும்பாலும் இங்கேதான் சிக்கியிருக்கும். 'மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை' என்ற ஒற்றை வரி போதாது. எந்த மாத்திரை, என்ன டோஸ், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, வாந்தியா மலச்சிக்கலா, அதன்பிறகும் ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்தது என்று டாக்டர் கடிதமாக எழுதித்தர வேண்டும். பழைய மருந்துச் சீட்டுகளையும் மருந்துக்கடை ரசீதுகளையும் தேடி எடுத்து இணையுங்கள்.

கூடவே ஊசிக்கு முந்தைய ரத்தப் பரிசோதனை அறிக்கைகளும் போகட்டும். உடலில் உள்ள இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 30-க்குக் (ng/mL) கீழே என்றால் குறைபாடு பளிச்சென்று தெரியும். உடலில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் கூடுதலாகக் காட்டும். அப்போது டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற அளவு) 20 சதவீதத்துக்குக் கீழே இருப்பதைச் சுட்டிக்காட்டி டாக்டர் விளக்க வேண்டும்.

பில்லில் உள்ள நோய்க் குறியீட்டையும் பாருங்கள். டி64.9 என்றால் காரணம் சொல்லாத ரத்தசோகை. நாள்பட்ட ரத்தப்போக்கால் வரும் இரும்புக் குறைபாட்டு ரத்தசோகைக்கு டி50.0. பில்லில் டி64.9 இருந்து, டாக்டரின் குறிப்போ ரத்தப்போக்கைக் காரணமாகச் சொல்கிறது என்றால், திருத்தி மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். சில சமயம் இந்த ஒரு திருத்தத்திலேயே காரியம் முடிந்துவிடும்.

அடுத்த டோஸைத் தள்ளிப்போடாதீர்கள், உடம்பு முக்கியம். ஆனால் காப்பீட்டு நிறுவனத்திடம் முன் அனுமதி வாங்கிவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். எந்த மருந்துக்குப் பாலிசி பணம் தரும் என்றும் கேளுங்கள். அயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்பு ஊசி விலை குறைவுதான், ஆனால் பல தடவை போக வேண்டிவரும். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற ஊசி ஓரிரு தடவையில் முடிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் ஆகும் மருத்துவமனைக் கட்டணத்தையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

மேல்முறையீடும் தோற்றால், உங்கள் டாக்டரை நிறுவனத்தின் டாக்டரோடு நேரடியாகப் பேசச் சொல்லுங்கள். அதற்கும் மசியாவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமோ ஒழுங்குமுறை அமைப்பிடமோ, இதே காகிதக் கட்டோடு புகார் கொடுங்கள்.