கணினிக் கேள்வி-பதில்: பென் டிரைவைக் காணோம்!

கேள்வி: உபுண்டு லினக்ஸ் லேப்டாப்பில் 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' கட்டளை கொடுத்து சொந்தமாக கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கம்பைல் செய்தேன். உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் நிறுவனத்தின் சான்றிதழ்க் கோப்பு இல்லையென்று முதலில் நின்றது. வலையில் தேடி அதைத் தாண்டினேன். இப்போது பூட் ஆகிறது, ஆனால் பென் டிரைவ் தெரியவில்லை. ஏன்?
- ஈரோடு வாசகர்

பதில்: சான்றிதழ்ப் பிழைக்குக் காரணம், உபுண்டுவின் கான்ஃபிக்கை (கெர்னலில் எவையெல்லாம் சேர வேண்டும் என்று சொல்லும் கோப்பு) அப்படியே எடுத்ததுதான். அதில் 'சிஸ்டம் டிரஸ்டட் கீஸ்', 'சிஸ்டம் ரிவொகேஷன் கீஸ்' இரண்டுக்கும் எதிரே உபுண்டுவின் கோப்புப் பெயர் இருக்கும். மேற்கோள் குறிகளை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் அழித்தால் போதும்.

பென் டிரைவ் விஷயம் வேறு. 'லோக்கல்மாட்கான்ஃபிக்' கட்டளை அந்த நேரத்தில் ஓடும் மாட்யூல்களை (தேவைப்படும்போது கெர்னலில் சேரும் டிரைவர் போன்ற துண்டுகள்) மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழற்றிவிடும். அப்போது நீங்கள் எதையும் செருகவில்லை. 'யூஎஸ்பி ஸ்டோரேஜ்' போய்விட்டது. பல பென் டிரைவ்களில் இருக்கும் கோப்பு முறையான 'எக்ஸ்ஃபேட்'டும் அநேகமாகப் போயிருக்கும்.

கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியே பழைய கெர்னலுக்குப் போங்கள். (அதை நீக்கியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்!) பென் டிரைவ், பிரின்டர், புளூடூத் ஹெட்செட், ஹெச்டிஎம்ஐ என எல்லாவற்றையும் ஒருமுறை பயன்படுத்துங்கள். விபிஎன் இருந்தால் அதையும் இணையுங்கள். ஓடும் மாட்யூல்களைக் காட்டும் 'எல்எஸ்மாட்' பட்டியலில் 'யூஎஸ்பி_ஸ்டோரேஜ்' வந்துவிட்டதா என்று பார்த்த பிறகு, பழைய கெர்னலின் கான்ஃபிக்கிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

ராம் 8 ஜிபிதான் என்றால் 'மேக் -ஜே4' (ஒரே நேரத்தில் நான்கு வேலைகள்) போதும். நிறுவும்போது 'மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்' முதலில், 'இன்ஸ்டால்' பிறகு. முன்னதுடன் 'இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப்=1' சேர்க்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் டீபக் (பிழை தேடும்) தகவலோடு, பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு ஊதிப்போய், பூட் பார்ட்டிஷன் தனியாக இருந்தால் அதை அடைத்துக்கொள்ளும்.