வேலையை விடாமல், சீட்டுக் காசை எடுக்காமல் துறையூர் போகலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயது. இலங்கையில், ஹட்டனில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை, சம்பளம் 92,000 ரூபா. வீட்டுக்கு 35,000 கொடுக்கிறேன், சீட்டுக்கு 10,000 போகிறது, என் செலவு 25,000. நிலையான வைப்பில் 380,000 இருக்கிறது. தோளில் ஒரு பையோடு தனியாக ஒரு மாதம் தமிழ்நாடு போய் வர ஆசை. தாத்தாவின் ஊர் துறையூர் பக்கம், அப்புறம் மதுரை, கொடைக்கானல், அப்படியே கேரளத்து மூணாறு. டிக்கெட், விசா, காப்புறுதிக்கு 75,000 என்று கணக்குப் போட்டிருக்கிறேன். அலுவலகத்தில் ஒரு மாதம் நோ பே லீவு தருவார்களாம். இல்லாவிட்டால் வேலையை விட்டு ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) எடுக்கலாமா? சீட்டை முதலிலேயே கழிவுக்கு எடுக்கலாமா?

பதில்: தங்கச்சி, போ. அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. (தேயிலைக்குள் பிறந்துவிட்டு தேயிலையைப் பார்க்க மூணாறு போகிறாயே என்று வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.) ஆனால் உன் கணக்கில் போகிற செலவு மட்டும்தான் இருக்கிறது, இங்கே இல்லாமல் இருப்பதற்கு ஆகும் செலவைக் காணோம்.

முதலில் ஈபிஎஃப். வேலையை விட்டால் அது கைக்கு வராது, பெண்களுக்கு 50 வயதாக வேண்டும். கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண்ணுக்குக் கொடுப்பார்கள், அதற்காக மாப்பிள்ளை தேட வேண்டாம். 30 வீதம் முன்கூட்டி எடுக்கும் வசதி வீட்டுக்கும் வைத்தியத்துக்கும்தான், ஊர் சுற்ற இல்லை. ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) வேலையை விட்டால் கிடைக்கும், ஆனால் அந்தச் சின்னத் தொகைக்காக நல்ல வேலையை விடுவதா?

சீட்டைக் கழிவுக்கு எடுப்பதும் கடன்தான், பெயர்தான் வேறு. குறைத்து வாங்கிக்கொண்டு, திரும்பி வந்து மாதம் மாதம் 10,000 கட்டிக்கொண்டே இருப்பாய். கொடைக்கானலில் குடித்த காப்பிக்கு அடுத்த வருடமும் காசு கொடுப்பது மாதிரி.

நோ பே லீவு இனாமாகத் தெரியும். கணக்குப் பார். சம்பளம் 92,000 போகும், முதலாளி ஈபிஎஃப்புக்குப் போடும் 12 வீதம் 11,040, ஈடிஎஃப் 3 வீதம் 2,760. மொத்தம் 105,800. இன்னும் நீ ஹட்டனில் பஸ்கூட ஏறவில்லை! வீட்டுக்கும் சீட்டுக்கும் போக வேண்டிய 45,000 அந்த மாதமும் காத்துக்கொண்டிருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 24 வயதில் நானும் இப்படித்தான் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு 22 நாள் சுற்றினேன், ஒவ்வொரு ரூபாயையும் கொப்பியில் எழுதி, மத்தியானம் சாப்பிடாமல் இருந்து மிச்சம் பிடித்து, பெருமையோடு பண்டாரவளைக்கு வந்து இறங்கினேன். அம்மா காதில் தோட்டுக்குப் பதில் ஈர்க்குச்சி. கேட்டதற்கு, கழுவக் கழற்றினேன் என்றார். மூன்று மாதம் கழித்து அடகுத் துண்டு அரிசி வாளிக்குள் கிடைத்தது. என் கொப்பியில் எல்லாம் இருந்தது, அது மட்டும் இல்லை.

அதனால் நான் சொல்வது இதுதான்: 30 நாள் வேண்டாம், 20 நாள் போ. கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி உனக்கு வருடத்துக்குச் சம்பளத்தோடு 14 நாள் வருடாந்த விடுமுறை உண்டு. அதில் ஏழு நாளை ஒரேயடியாக எடுக்க உரிமை இருக்கிறது, மொத்தத்தையும் சேர்த்துக் கேட்பதற்கு இப்போதே முதலாளியிடம் பேசிவை. சனி, ஞாயிறு உங்களுக்கு லீவு என்றால், வெள்ளி மாலை புறப்பட்டு மூன்று வார இறுதியையும் சேர்த்தால் 20 நாள் வந்துவிடும், இடையில் ஒரு போயாவும் (பௌர்ணமி லீவு) விழுந்தால் 21. சம்பளம் வெட்டாது. மூணாறையோ கொடைக்கானலையோ ஒன்றை விட வேண்டி வரும், என்னைக் கேட்டால் மூணாறை விடு.

இனி காசு. வைப்பை இடையில் உடைக்காதே, பேசிய வட்டி கிடைக்காது. முதிரும் நாளில் இரண்டாகப் பிரித்துப் போடு. 210,000 ஒன்றில், அது உன் மாதச் செலவு 70,000 வீதம் மூன்று மாதத்துக்கு. அதைப் பயணத்துக்குத் தொடவே கூடாது. 2025 நவம்பரில் டித்வா புயலில் மலை சரிந்தபோது கையில் ரொக்கம் இருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் இருந்த வித்தியாசத்தை நீயே பார்த்திருப்பாய். மிச்சம் 170,000. ஈபிஎஃப் வெட்டிய பிறகு உன் கைக்கு 84,640 வருகிறது, 70,000 செலவு போக மாதம் 12,000 சேர்த்தால் ஆறு மாதத்தில் 72,000. ஆக 242,000. இதில் 45,000 ரூபாவைப் புறப்படுமுன் அம்மா கையில் கொடு, அது வீட்டுக்கும் சீட்டுக்கும். 75,000 டிக்கெட், விசாவுக்கு. 22,000 ரூபாவைத் தனியாக மூடி வை, அதற்குப் பிறகு வருகிறேன். நாளுக்கு 5,000 ரூபா நிற்கிறது. இந்திய ரூபாய் நம்முடைய மூன்று ரூபாவுக்கும் மேல் என்பதால் அங்கே அது ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு. தாராளமில்லை, ஆனால் பெண்கள் பலர் சேர்ந்து தங்கும் டோமில் ஒரு கட்டில், அரசு பஸ், மெஸ் சாப்பாடு என்று இருந்தால் ஓடும்.

அந்த 22,000 தனியாகப் போகும் பெண் கட்டும் வரி. இரவில் பஸ் ஸ்டாண்டில் இறங்க நேர்ந்தால் ஆட்டோ பேரம் பேசிக்கொண்டு நிற்காமல் ஏறுவதற்கு, அறை பிடிக்காவிட்டால் கொடுத்த காசை விட்டுவிட்டு வேறு இடம் போவதற்கு. ஆண் பிள்ளைகள் எழுதும் செலவுக் கணக்கில் இந்த வரி இருக்காது, அதைப் பார்த்து ஏமாறாதே. செலவாகாவிட்டால் திரும்பக் கொண்டுவா.

வங்கி அட்டைகள் இரண்டு கொண்டு போ, இரண்டையும் ஒரே பையில் வைக்காதே. வெளிநாட்டில் வேலை செய்யும்படி மாற்றிவிடச் சொல்லி வங்கியில் முன்கூட்டியே கேள். முக்கியமாக, ஓடிபி உன் இலங்கை நம்பருக்குத்தான் வரும், ரோமிங் போடாமல் போனால் அட்டை இருந்தும் காசு இல்லாதவள்தான். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்கவே எடுக்காதே, எடுத்த அன்றே வட்டி ஓடத் தொடங்கும்.

பையை வாங்குமுன் ஒரு ஒத்திகை பார். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 300 கிலோமீட்டருக்கு மேல் 22 பகுதிகளாகப் போகும் பெக்கோ ட்ரெயில் என்ற நடைபாதை உன் வாசல் வழியாகத்தான் போகிறது. நம் பாட்டிமார் கொழுந்துக் கூடையோடு நடந்த பாதைக்கு இப்போது பெயர்ப் பலகை! கொட்டகலையிலிருந்து நோர்வூட், அங்கிருந்து பொகவந்தலாவை, ஒரு சனி, ஞாயிறு முழுப் பையோடு நட, மழைக்குப் பிறகு பாதை எப்படி என்று விசாரித்துக்கொண்டு. ஏழு கிலோவுக்கு மேல் எதற்கு என்று தோள் கேட்கும். மலிவு விமானத்தில் கூடுதல் சுமைக்குத் தனியாகக் காசு பிடுங்குவார்கள், அதனால் தோள் சொல்வதைக் கேள். அந்த இரண்டு நாளும் எதற்கெல்லாம் கை பர்ஸுக்குப் போகிறது என்பதையும் எழுதிவை, உன் உண்மையான நாட்செலவு அதில் தெரியும்.

இன்னொன்று. துறையூர் பக்கம் என்பது விலாசமில்லை, அந்தப் பக்கத்தில் எத்தனையோ ஊர்கள். தாத்தாவின் பழைய தகரப் பெட்டியை அப்பாவோடு உட்கார்ந்து திற. பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்த காகிதமோ, பழைய பாஸ்போர்ட்டோ, ஊரிலிருந்து வந்த கடிதமோ கிடந்தால் கிராமத்தின் பெயர் அதில் இருக்கக்கூடும். பெயரில்லாமல் போனால் நாளுக்கு 5,000 வீதம் டீக்கடை டீக்கடையாக விசாரித்துக்கொண்டிருப்பாய்.