இந்திய முப்படைகளில் திருநங்கையரும், பிறவியிலேயே ஆண், பெண் என்ற வழக்கமான உடற்கூறுகளுக்குள் முழுதாக அடங்காத ஊடுபால் உடலமைப்பு கொண்டோரும் பணியாற்ற முடியுமா?

முப்படைகளின் ஆள்சேர்ப்பு அறிவிக்கைகள் ஆண், பெண் என்ற இரு பிரிவினரை மட்டுமே அழைக்கின்றன. எனவே திருநங்கை என்றோ திருநம்பி என்றோ தம்மை அறிவித்துக்கொண்டு விண்ணப்பிக்க வழியில்லை. ஆனால் இந்த ஒரு வரியோடு பதிலை முடித்துக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. நான் 15 ஆண்டுகள் கடற்படையில் எஞ்சின் அறை மாலுமியாக இருந்தவன். இப்போது எங்கள் ஊர்த் திடலில் சீருடைப் பணித் தேர்வுகளுக்குப் பயிற்சி அளிக்கிறேன்.

2010இல் ஆணாகக் கடற்படையில் சேர்ந்த சபி, விசாகப்பட்டினத்தின் ஐ.என்.எஸ். எக்சிலா தளத்தில் பொறியியல் பிரிவில் பணியாற்றினார். விடுப்பில் இருந்தபோது பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட அவரை, 'பணி இனித் தேவையில்லை' என்ற விதியின் கீழ் 2017 அக்டோபரில் கடற்படை விடுவித்தது. மாறிய பாலின நிலையோடு பணியில் தொடர விதிகளில் இடமில்லை என்று காரணமும் கூறியது. 7 ஆண்டுகள் பழகிய தொழில் அறுவை சிகிச்சையால் கையைவிட்டுப் போய்விடுவதில்லை என்பதை எஞ்சின் அருகே நின்றவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன். உண்மையான முட்டுக்கட்டை வேறு. 1957ஆம் ஆண்டின் கடற்படைச் சட்டப்படி, அரசு அறிவிக்கும் பிரிவுகளில் மட்டுமே பெண்கள் சேர முடியும். மாலுமிப் பணி அன்று அவர்களுக்குத் திறக்கப்படவே இல்லை. ஆகவே பெண்ணாக நின்ற மாலுமியை அமர்த்த அங்கே ஓர் இடமும் இல்லாமல் போயிற்று. 2023 மார்ச்சில், நான் பயிற்சி பெற்ற அதே ஒடிசாவின் சில்கா கடற்படைத் தளத்திலிருந்து 273 பெண்கள் மாலுமிப் பணிக்கான அக்னிவீரர்களாக வெளிவந்தார்கள். அந்த அணிவகுப்பைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சபியின் நினைவுதான் வந்தது.

ஊடுபால் உடலமைப்பு கொண்டோரின் துயரம் இதனினும் வேறானது. பெண்ணாகவே பிறந்து வளர்ந்த ஒருவர், தம் உடலைப் பற்றிய செய்தியை மருத்துவப் பரிசோதனையின்போதுதான் முதன்முறையாக அறிகிறார். என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, ஓட்டத்தில் முதலாவதாக வந்தும், 'தகுதியில்லை' என்ற தாளோடு திரும்பினாள். அவளை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்க அங்கே ஒருவரும் இல்லை. "எம்பொண்ணு பொண்ணே இல்லையா சார்?" என்று அவள் தாயார் கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல இயலவில்லை.

காவல்துறையில் இதே கேள்வி நீதிமன்றத்துக்குச் சென்றது. கரூர் மாவட்டத்தில் பெண் காவலராகத் தேர்வாகி, பயிற்சியின்போது நடந்த மருத்துவப் பரிசோதனையைக் காரணம் காட்டி நீக்கப்பட்டவரின் வழக்கில், அந்த நீக்கம் செல்லாது என்று நீதிபதி எஸ்.நாகமுத்து 2014 ஏப்ரல் 17 அன்று தீர்ப்பளித்தார். வேலைவாய்ப்பில் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்லும் 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டமும் ஊடுபால் உடலமைப்பு கொண்டோரைத் தன் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. எனினும் படையினரின் அடிப்படை உரிமைகளை வரம்பிட அரசமைப்பின் 33ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருவதால், காவல்துறைத் தீர்ப்பை அப்படியே படைகளுக்குப் பொருத்திவிட முடியாது. வலிமை, பார்வை, இதயம் போன்ற பணிக்குத் தேவையான தகுதிகளை எவ்வளவு கடுமையாகவும் சோதிக்கட்டும். உடலின் பாலைக் குறிக்கும் குரோமோசோமை அந்தப் பட்டியலில் வைப்பதற்கான காரணத்தை நாடாளுமன்றத்தில் எடுத்துரைக்க வேண்டிய கடமை அரசுக்கு உண்டு என்றே கருதுகிறேன்.

இப்போது பயிற்சியில் சேரும் பெண் பிள்ளைகளிடம், பருவமடைதல் தாமதமானால் முகாமுக்குச் செல்லும் முன்பே நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைத் தாயோடு சென்று பார்த்துவிடும்படி சொல்கிறேன். தகுதியில்லை என்று சொல்லப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற்று, மேல்முறையீட்டு மருத்துவக் குழுவின் முன் செல்லுங்கள். அந்தத் தாளைக் கிழித்தெறிந்துவிட்டு வராதீர்கள்.