உடலெங்கும் கொப்புளங்கள்: பெரியம்மையாக இருக்குமா?

கேள்வி: ஏழு வயது மகளுக்குக் காய்ச்சலும், மார்பிலும் முதுகிலும் நீர்க்கொப்புளங்களும் வந்துள்ளன. பெரியம்மையோ என்று வீட்டுப் பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். எனக்குக் கையில் தடுப்பூசித் தழும்பு இருக்கிறது. எனக்குத் தொற்றாது அல்லவா?

பதில்: பெரியம்மை என்ற அச்சம் வேண்டாம். இயற்கையாகப் பரவிய பெரியம்மை கடைசியாகக் கண்டறியப்பட்டது 1977 அக்டோபரில், சோமாலியாவின் மெர்கா நகரில், ஒரு மருத்துவமனைச் சமையல்காரரிடம், அவர் பிழைத்துக்கொண்டார். மறு ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர ஆய்வகத்துடன் தொடர்புடைய தொற்றில் ஒருவர் இறந்தார். அதன்பின் எவருக்கும் வரவில்லை என்பதால், 1980 மே 8 அன்று நோய் ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதாரப் பேரவை அறிவித்தது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் அச்சத்தைக் குறை சொல்ல முடியாது. பெரியம்மையின் கடும் வகை, தாக்கியவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரைக் கொன்றது. பிழைத்தவர்களில் பலருக்கு முகத்தில் ஆறாத வடுக்களையும், சிலருக்குப் பார்வை இழப்பையும் விட்டுச்சென்றது. தொற்றிய பத்து முதல் பதினான்கு நாள்களில் கடுங்காய்ச்சலும் முதுகுவலியும் வந்து நோயாளியைப் படுக்கையில் தள்ளும். இரண்டு மூன்று நாள் கழித்தே வாயிலும் முகத்திலும் தடிப்புகள் தோன்றி, கைகால்களுக்குப் பரவி, உள்ளங்கை உள்ளங்கால்களையும் பிடிக்கும். கொப்புளங்கள் தோலில் ஆழமாக, உருட்டினால் பயறுபோலக் கெட்டியாக இருக்கும். உடலின் ஒரு பகுதியில் உள்ளவை அனைத்தும் ஒரே பருவத்தில் இருக்கும்.

சின்னம்மை இதற்கு நேர்மாறானது. காய்ச்சலும் கொப்புளமும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். மார்பிலும் முதுகிலும் அடர்ந்திருக்கும். புதிய தடிப்பு, நீர்க்கொப்புளம், காய்ந்த பொருக்கு மூன்றையும் ஒரே இடத்தில் காணலாம். நீங்கள் எழுதியிருப்பதும் இதையே ஒத்திருக்கிறது என்றாலும், மருத்துவர் நேரில் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். குரங்கம்மையும் இன்று சில இடங்களில் பரவுகிறது, அதில் நெறிகட்டுவது வழக்கம்.

இனி, தழும்பு. 1796-இல் எட்வர்ட் ஜென்னர் பசுவம்மைக் கொப்புளத்தின் நீரைக் கொண்டு தொடங்கிய முறையின் வழிவந்த தடுப்பூசி, பெரியம்மையைத் தடுக்கும், சின்னம்மையைத் தடுக்காது. சின்னம்மைக் கிருமி முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. (பலர் காட்டும் தழும்பு காசநோய்க்கான பிசிஜி ஊசியுடையது என்பது வேறு.) ஆகவே தழும்பைப் பொருட்படுத்தாமல், உங்களுக்கு முன்பே சின்னம்மை வந்ததா, அதற்கான தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா என்று பாருங்கள், இரண்டும் இல்லையெனில் தாமதமின்றி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும்வரை மகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். கருவுற்ற பெண்களையும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களையும் அவளிடமிருந்து விலக்கி வையுங்கள். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. குழந்தைகளில் அது அரிதாக மூளையையும் கல்லீரலையும் தாக்கும். மூச்சுத்திணறல், ஓயாத வாந்தி, எழுப்பினாலும் தெளியாத மயக்கம், கொப்புளத்தைச் சுற்றிப் பரவும் சிவப்பு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.