எம்.இ. சேர்ப்பதா, வேண்டாமா?

கேள்வி: என் மகன் பி.இ. சிவில் முடித்து ஓராண்டாகியும் சரியான வேலை அமையவில்லை. வீட்டில் சும்மா இருப்பதற்கு எம்.இ. ஸ்ட்ரக்சுரல் (கட்டமைப்புப் பொறியியல்) படிக்கிறேன் என்கிறான். எம்.இ. சேர்க்கைக்கான கேட் தேர்வு எழுதவில்லை. ஆனால் தனியார் கல்லூரி ஒன்றில் இடம் தருகிறார்கள். பி.இ.க்கு வாங்கிய கல்விக் கடனே இன்னும் அடைபடவில்லை. எம்.இ. படிப்பதில் பயன் உண்டா?
– வாசகர் ஒருவர், விருதுநகர்

பதில்: எம்.இ. படிப்பில் பயன் உண்டு. ஆனால் 'வீட்டில் சும்மா இருப்பதற்கு' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் காரணம் என்றால் சேர்க்க வேண்டாம்.

பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராவதற்கு எம்.இ. வேண்டும் என்பது தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டிய காலத்தில், பட்டம் கையில் இருந்தாலே ஏதாவது ஒரு கல்லூரியில் வேலை கிடைத்துவிடும் என்ற நிலை இருந்தது. பி.இ. இடங்கள் நிரம்பாமல் கல்லூரிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது அந்தக் கதவும் பெரும்பாலும் சாத்தப்பட்டுவிட்டது. ஆகவே, ஆசிரியர் வேலையை மட்டும் நம்பி இன்று எம்.இ. சேர்வது சரியல்ல.

ஆனால் உங்கள் மகன் சொல்லும் பாடம் வேறு வகையானது. பி.இ.யில் உத்தரம், தளம், தூண், அடித்தளம் ஆகியவற்றை வடிவமைக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஒரு கட்டடம் நிலநடுக்கத்திலும் பெருங்காற்றிலும் எப்படி அசையும் என்பது பெரும்பாலும் ஒரு தாளோடு முடிந்துவிடுகிறது, அல்லது விருப்பப் பாடமாக ஒதுங்கிவிடுகிறது. 2001-இல் குஜராத் நிலநடுக்கம் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டு திருத்தப்பட்ட இந்தியத் தர விதியில் சென்னை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து, அபாயம் கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. அதன்பின் உயரமான கட்டடங்களுக்கும் பாலங்களுக்கும் கணக்குப் போடும் வடிவமைப்பு அலுவலகங்களில் இந்தப் பாடம் தெரிந்தவருக்குத் தனி இடம் உண்டு. ஸ்டாட், ஈடாப்ஸ் போன்ற கட்டட வடிவமைப்பு மென்பொருள்களை மூன்று மாதத்தில் எவரும் பழகிக்கொள்ளலாம். அவை தரும் விடை சரியா தவறா என்று சொல்வதற்குத்தான் அந்த இரண்டு ஆண்டுப் படிப்பு.

அந்தப் படிப்பு உண்மையில் நடக்கிறதா என்பதுதான் என் கவலை. சில ஆண்டுகளுக்கு முன் எம்.இ. முடித்த இளைஞர் ஒருவர் பரிந்துரைக் கடிதம் கேட்டு என்னிடம் வந்தார். கறுப்புக் காலிகோ அட்டையில் தங்க எழுத்துப் பதித்த ஆய்வேட்டை மேசை மேல் வைத்தார். சிமெண்டில் ஒரு பகுதிக்குப் பதிலாக அனல்மின் நிலையச் சாம்பலைக் கலந்து செய்த கான்கிரீட் பற்றிய ஆய்வு அது. நானும் சிவில் படித்தவன் என்பதால் அட்டவணையைப் பார்த்தேன். ஒரு கலவையில் 7-ஆம் நாள் வலிமையைவிட 28-ஆம் நாள் வலிமை குறைவாக இருந்தது. நாளாக ஆக ஏற வேண்டிய வலிமை எப்படி இறங்கியது என்று கேட்டேன். பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், கடைசியில் ஆய்வேடு தயாரித்து விற்கும் ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி வாங்கியது என்று தலைகுனிந்து சொன்னார். வலிமையைச் சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கட்டியான க்யூப் ஒன்றைக்கூட அவர் வார்த்ததில்லை. கல்லூரியின் சோதனை இயந்திரம் இரண்டு ஆண்டும் பழுதாகவே கிடந்ததாம். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு அவரை அப்படி அனுப்பிவைத்தவர்கள் மேல் இன்றும் கோபம் இருக்கிறது.

பணக் கணக்கையும் பாருங்கள். கேட் தேர்வில் தகுதி பெற்று, ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் உள்ள கல்லூரியில் முழுநேர எம்.இ. சேர்பவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. 24 மாதத்துக்கு 2,97,600 ரூபாய். கேட் இல்லாமல் சேர்ந்தால் இந்தத் தொகை கிடையாது. கட்டணத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டும், பழைய கடனுக்கு வட்டியும் ஓடிக்கொண்டே இருக்கும்.

எனவே இந்த ஆண்டு ஏதாவது ஒரு வடிவமைப்பு அலுவலகத்திலோ கட்டுமான இடத்திலோ, சம்பளம் குறைவானாலும், மகனை வேலைக்கு அனுப்புங்கள். கம்பி கட்டும் இடத்தில் நின்று வரைபடத்தைப் படித்துப் பழகியவருக்கு எம்.இ. வகுப்பில் எதைக் கேட்க வேண்டும் என்பது தெரியும். மாலையில் கேட் தேர்வுக்குப் படிக்கட்டும். அந்த மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும், பி.இ. தகுதியோடு அதை வைத்தே ஆள் எடுக்கும் பொதுத்துறை நிறுவனங்களும் உண்டு.

இந்த ஆண்டே சேர்ந்தாக வேண்டும் என்று மகன் பிடிவாதமாக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் அவனுடன் அந்தக் கல்லூரிக்கு நேரில் சென்று கான்கிரீட் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். க்யூப்களை ஊற வைக்கும் தொட்டி ஒன்று அங்கே இருக்கும். அதில் தண்ணீர் நிறைந்து, வார்த்த தேதியும் மாணவர் பெயரும் எழுதிய க்யூப்கள் கிடந்தால் ஆசிரியர்களைச் சந்தித்து மேற்கொண்டு பேசுங்கள். தொட்டி வறண்டு கிடந்தால் பணம் கட்டாமல் ஊர் திரும்பிவிடுங்கள்.