கற்பூரக் கரையில் ஒரு தமிழ்க் கல்

கேள்வி: சுமத்திராவில் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த கிராமம் ஒன்று உண்டாமே? இப்போது அங்கே போனால் என்ன பார்க்கலாம்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உண்டு. அந்த ஊர் லோபு துவா. வட சுமத்திராவின் மேற்குக் கரையில், பாருஸ் என்ற பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பெரிய ஊர் சிபோல்கா.

கல்வெட்டு சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088ஐச் சேர்ந்தது. ஐந்நூற்றுவர் என்ற நம் வணிகக் குழுவினர் வெட்டி வைத்தது. கப்பல்காரர்கள் கஸ்தூரி விலையை அளவாக வைத்துப் பொன்னாகக் கட்ட வேண்டிய தொகையை அது சொல்கிறது. அரசர் புகழ் பாடாமல் நேராகக் கணக்குக்கு வருவதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

அவ்வளவு தூரம் அவர்களை இழுத்தது கற்பூரம். பின்னால் இருக்கும் மலைக்காட்டு மரங்களின் தண்டுக்குள், வெடிப்புகளில் அது படிகமாக உறையும். மரத்தை வெட்டிப் பிளந்தால்தான் கிடைக்கும். கோயில் தீர்த்தத்தில் மணக்கும் பச்சைக் கற்பூரம் என்று முன்பு சொன்னது அந்த இனத்தைத்தான்.

போகிறவர்கள் கற்கோயிலைத் தேட வேண்டாம். 1990களில் பிரெஞ்சு, இந்தோனேசிய ஆய்வாளர்கள் தோண்டியபோது சீனப் பீங்கானும் மேற்காசியக் கண்ணாடியும் துண்டு துண்டாகக் கிடைத்தன. கல்வெட்டு ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்புறம், பாருஸ் பக்கம் பாபான் திங்கி குன்றில் ஏறிப் பழைய முஸ்லிம் கல்லறைகளையும் அவசியம் பாருங்கள்.