எமன் ஏமாந்தானா?

வணக்கம் சார்,

காரடையான் நோன்பன்று அடை தட்டிக்கொண்டே மகளுக்குச் சாவித்திரி கதை சொன்னேன். நூறு பிள்ளை வரம் கேட்டு எமனை மடக்கிய இடம் வந்ததும், "இது வக்கீல் வேலைம்மா, இதுல அன்பு எங்க இருக்கு?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கெட்டிக்காரப் பெண். நாம் வீட்டில் சொல்லும் கதைக்கு அந்தக் கேள்வி சரிதான். வியாசரின் மகாபாரதத்தில், வனபர்வத்தில், கதை வேறு மாதிரி போகிறது.

மாமனாருக்குக் கண்பார்வை, அவர் இழந்த நாடு, தன் தகப்பனாருக்கு நூறு மகன்கள். இந்த மூன்றையும் வாங்கிய பிறகுதான் தனக்கும் கணவன் சத்தியவானுக்கும் நூறு பிள்ளைகள் கேட்கிறாள். நான்கு முறையும் "இவன் உயிரைத் தவிர" என்று எமன் முன்கூட்டியே சொல்லிவிடுகிறான். நான்காவது கிடைத்த கையோடு அவள் மடக்கவும் இல்லை. நல்லவர்களோடு கொண்ட உறவு வீண்போகாது என்று பேசிக்கொண்டே பின்னால் நடக்கிறாள். நீ பேசப் பேச உன்மேல் எனக்குப் பக்தி பெருகுகிறது என்கிறான் எமன். (ஆமாம், பக்தி என்றேதான் மூலத்தில் இருக்கிறது.) இன்னொரு வரம் கேள் என்கிறான். இந்த முறை அந்த 'தவிர' இல்லை. அதைச் சுட்டிக்காட்டித்தான் சத்தியவானின் உயிரைக் கேட்கிறாள். கணவன் இல்லாமல் நூறு பிள்ளை எப்படி என்ற வாதமும் அங்கேதான் வருகிறது. ஆக, வக்கீல் வேலை இல்லாமலில்லை. ஆனால் எமன் அதற்கு முன்பே இளகிவிட்டான் என்றுதான் நான் படிக்கிறேன்.

அன்பை நான் தேடுவது வேறிடத்தில். ஓராண்டில் கணவன் சாவான் என்று நாரதர் சொன்னதைப் புகுந்த வீட்டில் யாரிடமும் சொல்லாமல் நாளை எண்ணிக்கொண்டிருந்தாளே, அங்கே. அதைவிட, எமன் போன பிறகு. நம் பாட்டிகள் அங்கே கதையை முடித்துவிடுவார்கள், வியாசர் முடிப்பதில்லை. காட்டில் இருட்டிவிட்டது. விழித்தவனுக்கு நடந்தது எதுவும் தெளிவாக நினைவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்கிறாள். முடியாவிட்டால் இரவு இங்கேயே தங்கலாம், அதோ எரியும் மரத்திலிருந்து நெருப்பு கொண்டுவந்து மூட்டுகிறேன் என்கிறாள். அவனோ அப்பா அம்மா தவித்துப்போவார்கள் என்று அழுகிறான். கண்ணீரைத் துடைத்துவிட்டு, தன் கூந்தலை முடிந்துகொண்டு, இரு கைகளாலும் அவனைத் தூக்கி நிறுத்துகிறாள். அவன் பார்வை பழக்கூடையில் இருக்கிறது. பழத்தை நாளை எடுத்துக்கொள்ளலாம், கோடரியை மட்டும் உன் பாதுகாப்புக்காக நான் கொண்டுவருகிறேன் என்று கூடையைக் கிளையில் மாட்டுகிறாள். அவன் கையைத் தன் இடது தோளில் போட்டு, வலக்கையால் அணைத்தபடி நடக்கிறாள். புரச மரத்தோப்பில் பாதை இரண்டாகப் பிரியும், வடக்கே போ என்று அவன் வழி சொல்கிறான்.

மகாபாரதத் தமிழ் மொழிபெயர்ப்பான கும்பகோணம் பதிப்பு கிடைத்தால் 'பதிவிரதா மாஹாத்மியம்' பகுதியை மகளிடம் கொடுங்கள். ஏழே அத்தியாயம்தான். அந்தத் தலைப்பைப் பார்த்துச் சண்டைக்கு வருவாள். வரட்டும், படித்துவிட்டு வரட்டும்.